பட்டைக் கொள்கையின் குறைகளை எப்போது கேட்பீர்கள்?

தமிழகக் கல்லூரிகளில் திண்மநிலை இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



“கட்டுறா எலக்ட்ரான் கொள்கையின் நிறை குறைகளைக் கூறுக.” இந்தக் கேள்வியை எத்தனை முறை வினாத்தாளில் வைத்திருப்பீர்கள் என்று உங்களுக்கே கணக்கு இருக்காது. ட்ரூடு 1900இல் சொன்ன கொள்கை எங்கெங்கே சறுக்கியது என்று மாணவர் வரிசையாக எழுதுவார். உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன் சரியாக வரவில்லை; பாரா காந்தத் தன்மை பொருந்தவில்லை; ஒரு பொருள் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது, இன்னொன்று ஏன் கடத்துவதில்லை என்பதற்கு அதில் பதிலே இல்லை. முழு மதிப்பெண். நல்ல கேள்விதான் அது. ஒரு கொள்கை எந்த இடத்தில் உடைகிறது என்று கேட்கத் தெரிந்த மாணவரே இயற்பியல் படித்தவர்.

அடுத்த யூனிட்டில் பட்டைக் கொள்கை வருகிறது. பிளாக் தேற்றம், க்ரோனிக்–பென்னி மாதிரி, பிரில்லுவான் மண்டலம் எல்லாம் கரும்பலகையில் ஏறி இறங்குகின்றன. கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்று படங்கள். நிரம்பிய பட்டை, அதன்மேல் பெரிய இடைவெளி என்றால் கடத்தாப்பொருள். இடைவெளி சிறியது என்றால் குறைகடத்தி. பட்டை பாதி நிரம்பியிருந்தால் உலோகம். அத்துடன் மணி அடித்துவிடுகிறது. இந்தக் கொள்கையின் குறைகளைக் கேட்கும் கேள்வியை வினாத்தாளில் பார்ப்பது அரிது. உலோகமா, கடத்தாப்பொருளா என்ற விவகாரம் 1931இல் ஆலன் வில்சனோடு தீர்ந்துபோய்விட்டது என்ற எண்ணத்துடனேயே மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்.

அது தீரவில்லை. தீரவில்லை என்பது 1937 முதலே தெரியும்.

உங்கள் கல்லூரியின் வேதியியல் துறை அலமாரியில் ஒரு குப்பி நிக்கல் ஆக்ஸைடு இருக்கக்கூடும். தூள் கறுப்பாக இருந்தால் அதில் ஆக்சிஜன் சற்றுக் கூடுதல் என்று பொருள். நிக்கலும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று என்று சரியாக அமைந்திருந்தால் அது வெளிர்பச்சை. அந்தப் பச்சைத் தூளை வைத்துக்கொண்டு, நீங்கள் கற்றுத்தந்த கணக்கை மாணவரையே போடச் சொல்லுங்கள். நிக்கல் அயனியின் 3டி ஆர்பிட்டலில் எட்டு எலக்ட்ரான்கள். படிகத்துக்குள் அந்த ஆர்பிட்டல்கள் இரண்டு குழுவாகப் பிரியும். கீழ்க்குழுவில் ஆறு இடம், ஆறும் நிரம்பிவிடும். மேற்குழுவில் நான்கு இடம்; அதில் இரண்டு எலக்ட்ரான்கள். பட்டை சரிபாதி நிரம்பியிருக்கிறது. மூன்றாவது படம். விடை: உலோகம். ஆனால் குப்பியில் இருக்கும் பொருளோ சுமார் 4 எலக்ட்ரான்-வோல்ட் இடைவெளி கொண்ட சுத்தமான கடத்தாப்பொருள்.

1937 ஜூலையில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த மாநாட்டில், ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த டி போயரும் வெர்வேயும் இதைத்தான் எடுத்து வைத்தார்கள். நிக்கல் ஆக்ஸைடு, கோபால்ட் ஆக்ஸைடு என்று ஒரு வரிசையே பட்டைக் கொள்கைக்கு அடங்கவில்லை என்று காட்டினார்கள். அதையொட்டி நடந்த விவாதத்தில் காரணம் எதுவாக இருக்கும் என்று ருடால்ஃப் பைர்ல்ஸ் சுட்டிக்காட்டினார்: எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன; அந்த விலக்கு விசையை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நெவில் மாட் அதைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். இன்று இவ்வகைப் பொருள்களுக்கு மாட் கடத்தாப்பொருள்கள் என்றே பெயர். 1977இல் ஆண்டர்சன், வான் விளெக் ஆகியோருடன் சேர்ந்து மாட் நோபல் பரிசு பெற்றார்.

உங்கள் மாணவருக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம். விடுதி அறையைச் சொன்னால் போதும். அறைக்கு இரண்டு கட்டில். பௌலி விதியும் இருவரை அனுமதிக்கிறது. ஆனால் அறைக்கு ஒருவரைத்தான் சேர்த்திருக்கிறார்கள், யாருக்கும் இன்னொருவரோடு ஒத்துப்போகாது. கட்டில்களில் பாதி காலி. பட்டைக் கொள்கையைக் கேட்டால் எல்லோரும் விருப்பம்போல அறை மாறலாம் என்று சொல்லும். நடைமுறையில் ஒருவரும் நகர மாட்டார், ஏனென்றால் நகர்ந்தால் ஏற்கெனவே ஆள் இருக்கும் அறைக்குத்தான் போக வேண்டும். இடம் மாறுவதில் கிடைக்கும் ஆதாயத்தைவிட ஒரே அறையில் இருவர் சேர்வதன் விலை அதிகம் என்றால், மொத்த விடுதியும் அப்படியே நின்றுவிடும்.

இந்த இரண்டு ஆற்றல்களை மட்டும் வைத்து 1963இல் ஜான் ஹப்பார்ட் ஒரு மாதிரியை எழுதினார். ஒரே சமயத்தில் குட்ஸ்வில்லரும் கனமோரியும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கரும்பலகையில் ஒற்றை வரியில் எழுதிவிடலாம். முதல் உறுப்பு, எலக்ட்ரான் பக்கத்து அணுவுக்குத் தாவுவது. இரண்டாவது, ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் கூடினால் கொடுக்க வேண்டிய ஆற்றல். ஒரு பரிமாணச் சங்கிலிக்கு 1968இல் லீபும் வூவும் துல்லியமான தீர்வு கண்டார்கள். இரு பரிமாணத்துக்குத் துல்லியமான தீர்வு இன்றுவரை இல்லை. இப்படி ஒற்றை வரியில் அடங்கும் ஒரு கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் திறந்தே கிடக்கிறது என்று ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பின்வரிசையிலும் தலை நிமிரும்.

உங்களில் ஊன்றிப் படித்தவர்கள் உடனே ஸ்லேட்டரை இழுப்பீர்கள். நியாயம்தான். 1951இல் ஜான் ஸ்லேட்டர் ஒரு மாற்று வழி சொன்னார்: இந்தப் பொருள்களில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திசை மேலும் கீழுமாக மாறி மாறி நிற்கிறது, அதனால் படிகத்தின் அலகு கூடு இரட்டிப்பாகிறது, அதிலிருந்தே ஆற்றல் இடைவெளி கிடைத்துவிடும், பட்டைக் கொள்கையைக் கைவிட வேண்டியதில்லை. அழகான வாதம். அதைச் சோதிக்கக் கோபால்ட் ஆக்ஸைடு இருக்கிறது. அதன் காந்த ஒழுங்கு சுமார் 290 கெல்வினில், அதாவது ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸில் கலைந்துவிடும். ஊட்டியின் குளிர்ந்த இரவில் அந்தத் தூளில் காந்த ஒழுங்கு இருக்கும். சென்னையின் பகலில் இருக்காது. அலகு கூட்டுக்கு ஒற்றைப்படையில் எலக்ட்ரான்கள் நிற்க, ஸ்லேட்டரின் வழியும் அடைபட, பட்டைக் கொள்கைப்படி சென்னையில் அது உலோகமாகியிருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் அது கடத்தாப்பொருளாகவே இருக்கிறது.

ஆக்ஸைடுகளில் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பின்னால் கண்டறிந்தார்கள். அதையொட்டி 1985இல் சானென், சவாட்ஸ்கி, ஆலன் மூவரும் இப்பொருள்களை வகைப்படுத்தினார்கள். நுணுக்கங்கள் கூடின. எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கு விசைதான் மூலகாரணம் என்ற அடிப்படை மாறவில்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் ஏற்கெனவே நடத்தும் பாடமே பாதியில் நின்றுபோகிறது என்பதுதான் பதில். சோமர்ஃபெல்டு கொள்கையில் எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறனைத் தருவிக்கிறீர்கள். அது வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த விகிதக் கெழு எலக்ட்ரானின் நிறையைப் பொறுத்தது. செம்புக்கு அதன் மதிப்பு மோலுக்கு சுமார் 0.7 மில்லிஜூல், ஒரு கெல்வின் இருமடிக்கு. கணக்கும் சோதனையும் ஓரளவு ஒத்துப்போகும். அங்கே நிறுத்திவிடுகிறீர்கள். 1975இல் ஆண்ட்ரெஸ், கிரேப்னர், ஆட் ஆகிய மூவரும் சீரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு சேர்மத்தில் அதே கெழுவை அளந்தார்கள். கிடைத்தது சுமார் 1,600. செம்பைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். உங்கள் வாய்ப்பாட்டில் அந்த எண்ணைப் போட்டால் எலக்ட்ரானின் நிறை ஆயிரம் மடங்கு அளவுக்கு ஏறிவிடும்.

எலக்ட்ரான் பருத்துவிடவில்லை. சீரிய அணுவின் உள்ளே 4எஃப் ஆர்பிட்டலில் அடைந்து கிடக்கும் எலக்ட்ரானும், வெளியே திரியும் எலக்ட்ரான்களும் குறைந்த வெப்பநிலையில் ஒன்றோடொன்று பிணைந்து, மிக மெதுவாக நகரும் கூட்டு நிலையாக மாறுகின்றன. இதன் முதல் தடயம் 1934இலேயே நெதர்லாந்தின் லைடனில் கிடைத்தது. தங்கத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனபோது ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் மின்தடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. முப்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானின் ஜுன் கோண்டோ காரணம் சொன்னார்: உலோகத்தில் கலந்திருக்கும் துளியளவு காந்த அணுக்கள், எலக்ட்ரான்களின் தற்சுழற்சியைத் திருப்பியடிக்கின்றன. அப்படிப்பட்ட அணுக்கள் ஓரிரண்டாக இல்லாமல் படிகத்தின் ஒவ்வோர் அலகிலும் அமர்ந்திருந்தால் கிடைப்பவைதான் இந்தக் கன எலக்ட்ரான்கள்.

மீக்கடத்திப் பாடத்திலும் இதே கதை. காந்தம் மீக்கடத்தலின் எதிரி என்று சொல்லித்தருகிறீர்கள். தவறில்லை, லாந்தனத்தில் ஒரு சதவீத அளவு கடோலினியத்தைக் கலந்தாலே அதன் மீக்கடத்தல் அநேகமாக அழிந்துவிடும் என்று 1950களின் இறுதியிலேயே கண்டார்கள். ஆனால் 1979இல் ஜெர்மனியில் ஃப்ராங்க் ஸ்டெக்லிச்சும் அவரது குழுவினரும், ஒவ்வோர் அலகிலும் காந்தத் தன்மையுள்ள சீரியம் அமர்ந்திருக்கும் ஒரு செம்பு–சிலிக்கான் சேர்மம் அரை கெல்வின் அளவில் மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். சீரியத்தை எடுத்துவிட்டுக் காந்தமில்லாத லாந்தனத்தை வைத்தால் மீக்கடத்தல் காணாமல் போனது. எதிரி என்று சொல்லப்பட்டதே இங்கே காரணகர்த்தா. நம்பப் பலரும் தயங்கினார்கள். அவர்கள் படித்த பாடம் அப்படி.

1986இல் சூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நார்ட்ஸும் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு ஆக்ஸைடு ஒன்றில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டதும், மறு ஆண்டே நோபல் பரிசு வாங்கியதும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. 1987 தொடக்கத்தில் இட்ரியம் சேர்ந்த செம்பு ஆக்ஸைடு 93 கெல்வினைத் தொட்டு, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும் என்ற நிலை வந்ததும் இருக்கிறது. இந்தப் பொருள்களின் தாய்ச்சேர்மம் எது என்பதுதான் விட்டுப்போகிறது. கலப்பு ஏதும் இல்லாத லாந்தனம் செம்பு ஆக்ஸைடில் செம்பு அயனிக்கு ஒன்பது 3டி எலக்ட்ரான்கள்; மேல் பட்டை சரிபாதி நிரம்பியிருக்க வேண்டும்; உலோகமாக இருந்தாக வேண்டும். அது ஒரு மாட் கடத்தாப்பொருள். நிக்கல் ஆக்ஸைடின் ஒன்றுவிட்ட சகோதரம். அதிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்களைக் குறைத்தால் மீக்கடத்தியாகிவிடுகிறது. உலோகமாகக்கூட இல்லாத ஒன்றிலிருந்து மீக்கடத்தி பிறக்கிறது. இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் உயர்வெப்ப மீக்கடத்திகளை நடத்தினால், மாணவர் கையில் மிஞ்சுவது வெப்பநிலைப் பட்டியலும் மிதக்கும் ரயிலும்தான்.

இந்த வரலாற்றில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் இடம் உண்டு. 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த மாநாட்டுக்கு வந்த பிலிப் ஆண்டர்சன், செம்பு ஆக்ஸைடு மீக்கடத்தலுக்கு மாட் கடத்தாப்பொருளிலிருந்தே தொடங்கும் ஒரு விளக்கத்தை அங்கே முன்வைத்தார். எலக்ட்ரான்கள் முன்கூட்டியே தற்சுழற்சி இணைகளாகக் கைகோத்து நிற்கின்றன, கொஞ்சம் இடம் கிடைத்ததும் அந்த இணைகள் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன என்பது அதன் சாரம். அந்தக் கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்த தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று, அதே ஆண்டு வெளியான பாஸ்கரன், சோ, ஆண்டர்சன் மூவரின் கட்டுரை. அந்த ஜி. பாஸ்கரன் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். செம்பு ஆக்ஸைடுகளின் மீக்கடத்தலுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் மாணவர் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு இது தெரியாமலிருப்பது யார் குற்றம்?

இதைவிடத் தர்மசங்கடமான இடம் ஒன்று இருக்கிறது. செம்பு ஆக்ஸைடு மீக்கடத்தியாவதற்கு முன்னால், சற்று உயர்ந்த வெப்பநிலையில், என்னவாக இருக்கிறது? அந்த நிலைக்கு ‘விசித்திர உலோகம்’ என்று பெயர். அதன் மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுகிறது. செம்புக் கம்பியும் அறை வெப்பநிலையில் நேர்கோடுதானே என்று உங்களில் ஒருவர் கேட்பார். ஆம், அது அணிக்கோவை அதிர்வுகளால் வருவது. குளிரவைத்தால் கோடு வளைந்து தட்டையாகிவிடும். பிஸ்மத் சேர்ந்த ஒரு செம்பு ஆக்ஸைடில் அந்தக் கோடு சுமார் 10 கெல்வினிலிருந்து 700 கெல்வின் வரை வளையவே இல்லை என்று 1990இல் அளந்து காட்டினார்கள். இவ்வகைப் பொருள்கள் சிலவற்றில் உயர்ந்த வெப்பநிலையில், இரண்டு மோதல்களுக்கு நடுவே எலக்ட்ரான் கடக்கும் தூரத்தைக் கணக்கிட்டால், அது பக்கத்து அணு இருக்கும் தூரத்தையும்விடக் குறைவாக வருகிறது. சராசரி மோதலிடைத் தூரம் என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மோதல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டால், பிளாங்க் மாறிலியையும் வெப்ப ஆற்றலையும் மட்டும் கொண்டு எழுதக்கூடிய ஒரு கால அளவின் அருகே வந்து நிற்கிறது. அறை வெப்பநிலையில் அது சுமார் 25 ஃபெம்டோ வினாடி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களில் இதே அளவு தென்படுவது ஏன் என்பது இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கேட்கப்படும் கேள்வி.

எலக்ட்ரான் என்று தனியாக ஒன்று அங்கே ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. மின்னோட்டம் தனித்தனி மின்னூட்டங்களாக வந்து சேர்வதால் அதில் ஒரு நுண்ணிய இரைச்சல் இருக்கும் என்று 1918இல் ஷாட்கி சொன்னார். அந்த இரைச்சலின் அளவைக் கொண்டு, ஓடுவது எவ்வளவு பெரிய மின்னூட்டம் என்று கண்டுபிடிக்கலாம். 1997இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சக்லேயிலும் இரண்டு குழுக்கள், பின்ன குவாண்டம் ஹால் நிலையில் இதை அளந்து, ஓடும் துகளின் மின்னூட்டம் எலக்ட்ரானுடையதில் மூன்றில் ஒரு பங்கு என்று காட்டின. பாடநூலில் உடைக்க முடியாதது என்று எழுதியிருக்கும் மின்னூட்டம், எலக்ட்ரான்கள் நெருங்கிக் கூடும்போது மூன்றாகப் பங்கிடப்பட்டு வெளிப்படுகிறது. 2023இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், வியன்னாவில் வளர்த்த இட்டெர்பியம் ரோடியம் சிலிக்கான் படலத்திலிருந்து நுண்கம்பி செய்து அதே இரைச்சலை அளந்தார்கள். அது ஒரு விசித்திர உலோகம். தங்கக் கம்பியில் எதிர்பார்த்த அளவு இரைச்சல் இருந்தது. இதில் அதைவிட மிகக் குறைவு. மின்னோட்டம் தனித்தனித் துகள்களாக வரவில்லை என்பதே அந்த ஆய்வாளர்களின் வாசிப்பு. துகள் இல்லையென்றால் ஓடுவது எது? இதற்குப் பாடநூல் விடை இன்னும் எழுதப்படவில்லை.

“இதெல்லாம் அரிய தனிமங்களின் விவகாரம், நம் பிள்ளைகளுக்கு எதற்கு” என்று தள்ளவும் முடியாது. 2018இல் எம்ஐடியில் பாப்லோ ஹரியோ-ஹெரேரோவின் குழு, வெறும் கார்பன் அணுக்களால் ஆன இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுமார் 1.1 டிகிரி திருப்பியது. அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்களின் வேகம் செத்துவிடுகிறது. விலக்கு விசை ஓங்கிவிடுகிறது. கார்பனில் மாட் வகை கடத்தாநிலையும், அதன் பக்கத்திலேயே 1.7 கெல்வின் வரை மீக்கடத்தலும் கிடைத்தன.

உங்கள் தரப்பு நியாயங்கள் தெரியாமல் இல்லை. ஐந்து யூனிட்டை முடிக்கவே பருவம் போதவில்லை. உள்மதிப்பீடு, தர மதிப்பீட்டுக் கோப்புகள், சேர்க்கைப் பணி, தேர்வுப் பணி என்று வகுப்புக்கு வெளியே உறிஞ்சப்படும் நேரம்தான் அதிகம். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தினால் மாணவரே “சார், இது எக்ஸாமுக்கு வருமா?” என்று கேட்கிறார். தேசியத் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு அந்த மூன்று படங்களே போதும். இதையெல்லாம் உங்களுக்கும் யாரும் நடத்தியதில்லை என்பதும் உண்மை.

ஆனாலும் “மாணவரின் தரத்துக்கு இது அதிகம்” என்ற காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்வதற்கில்லை. சமாரியம் ஹெக்ஸாபோரைடு என்று ஒரு பொருள். குறைந்த வெப்பநிலையில் அதன் உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. 2015இல் கேம்பிரிட்ஜில் ஒரு குழு அதை வலிமையான காந்தப்புலத்தில் வைத்து, டி ஹாஸ்–வான் ஆல்ஃபன் அலைவுகளைக் கண்டது. எம்.எஸ்சி.யில் நீங்கள் நடத்தும் அதே அலைவுகள்தான். உலோகத்தின் ஃபெர்மி பரப்பை அளக்கப் பயன்படுபவை. உலோகமே இல்லாத ஒன்றில் ஃபெர்மி பரப்பின் அடையாளம் எப்படி வந்தது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்தக் குழுவை நடத்தியவர் சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் இளநிலை படித்தவர். பிறகு அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மை படித்துவிட்டு மீண்டும் இயற்பியலுக்குத் திரும்பியவர். 2022ஆம் ஆண்டின் நியூ ஹொரைசன்ஸ் பரிசைப் பெற்றவர். உங்கள் கல்லூரிகளைப் போன்ற ஒரு கல்லூரியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான். இன்று உங்கள் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது காட்ட வேண்டாமா?

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 செய்தி வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறை வெப்பநிலை மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்று மாணவர்களின் கைப்பேசிகளில் காணொளிகள் பறந்தன. சில வாரங்களில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகின் பல ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்து மறுத்தன. மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம், மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடின் அமைப்பு மாற்றம். மின்தடை சரிந்தால் மட்டும் போதாது. அது பூஜ்யமாக வேண்டும், காந்தப்புலத்தை வெளியே தள்ளவும் வேண்டும் என்று உங்கள் மாணவர் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. வரையறை மனப்பாடம், அதை வைத்து ஒரு செய்தியை உரசிப் பார்க்கும் பழக்கம் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பவை இவை.

வரும் பருவத்தில் பட்டைக் கொள்கையை முடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிக்கல் ஆக்ஸைடு கணக்கைப் பலகையில் போடுங்கள், அது பொய்த்துப்போவதை மாணவர் கண்ணாலேயே பார்க்கட்டும். ஆஷ்கிராஃப்ட்–மெர்மின் நூலைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அதன் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் கட்டுறா எலக்ட்ரான் மாதிரியின் தோல்விகளைப் பற்றியது. 1976இல் ஒரு பாடநூல் ஒரு கொள்கையின் தோல்விக்கு ஓர் அத்தியாயத்தையே கொடுத்தது. நீங்கள் பட்டைக் கொள்கையின் தோல்விக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

வினாத்தாள் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வரும்போது, பட்டைக் கொள்கையின் குறைகளையும் ஒரு கேள்வியாக வையுங்கள். தேர்வுக்கு வராததை மாணவர் படிக்க மாட்டார் என்று குறைப்படுகிறோமே, வரவையுங்கள்.

எம்.எஸ்சி. ஆய்வகத்தில் நான்முனை முறைக்கான கருவி இருக்கிறது. ஜெர்மானியத் துண்டைச் சின்ன உலையில் வைத்து, மின்தடையின் மடக்கையை வரைந்து, சாய்விலிருந்து ஆற்றல் இடைவெளி கண்டுபிடிக்கும் அதே சோதனை. அதே உலையில் ஜெர்மானியத்தை எடுத்துவிட்டு, அழுத்திச் சுட்ட வனேடியம் டை ஆக்ஸைடு வில்லை ஒன்றை வையுங்கள். தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், நச்சுத்தன்மை உள்ளது. சூடேற்றிக்கொண்டே போனால் சுமார் 68 டிகிரி செல்சியஸில் கோடு செங்குத்தாக விழும். நல்ல படிகத்தில் மின்தடை ஒரு லட்சம் மடங்கு அளவுக்குக் குறையும். வில்லையில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. குளிரவிட்டால் அதே வெப்பநிலையில் திரும்பாது, சற்றுத் தாழ்ந்துதான் திரும்பும். 1959இல் பெல் ஆய்வகத்தில் மோரின் கண்ட மாற்றம் இது. அதே நேரத்தில் படிகத்தின் அமைப்பும் மாறுவதால், காரணம் எலக்ட்ரான்களின் விலக்கு விசையா, அணுக்கள் இணை இணையாக நெருங்குவதா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து அதே வாதத்தை நடத்தச் சொல்லுங்கள். பதிவேட்டில் ‘முடிவு’ என்ற இடத்தில் அவர்கள் முதல்முறையாகச் சொந்தமாக யோசித்து எழுதுவார்கள்.

உங்களில் சிலர் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் உறுப்பினர்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்குப் பாடத்திட்டத்தை மாற்ற வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் திண்மநிலை இயற்பியலின் கடைசி யூனிட்டில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க முன்மொழியுங்கள்: “பட்டைக் கொள்கையின் வரம்புகள்: மாட் கடத்தாப்பொருள்கள், கன எலக்ட்ரான்கள், விசித்திர உலோகங்கள் ஓர் அறிமுகம்.” அந்த வரிக்கு இடம் வேண்டுமென்றால், ஆண்டுதோறும் அப்படியே நகலெடுக்கப்படும் மீக்கடத்திப் பயன்பாட்டுப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளலாம். முன்மொழியும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து இந்த ஆண்டே பயன்படுத்துங்கள்.